தானே ஆறும் விரிசல்: தென்காசியிலிருந்து இல்லினாய் வரை

தென்காசி காசி விஸ்வநாதர் கோயிலைக் கட்டியவர் பராக்கிரம பாண்டியர். காலம் 15ஆம் நூற்றாண்டு. அங்குள்ள கல்வெட்டுப் பாடல் ஒன்றில் மன்னர் ஒரு விண்ணப்பம் வைக்கிறார்: பின்னாளில் கோயிலுக்குப் பழுது வந்தால், அதைச் சரிசெய்பவர் யாராக இருந்தாலும் அவரை இப்போதே வணங்குகிறேன் என்று. வணிகவியல் பாடத்தில் தேய்மானத்துக்கு நிதி ஒதுக்கச் சொல்வார்கள். பாண்டியர் ஒதுக்கியது ஒரு கும்பிடு!

பழுது வரத்தான் செய்தது. ராஜகோபுரம் பிளந்து, நெடுங்காலம் மொட்டையாக நின்றது. 9 நிலைகளோடு சுமார் 180 அடிக்குப் புதுக்கோபுரம் எழுந்து குடமுழுக்கு நடந்தது 1990இல்தான்.

ஆள் வரும்வரை காத்திருக்காமல் பொருளே தன்னைச் சரிசெய்துகொண்டால் என்ன? சின்ன அளவில் பழைய சுண்ணாம்புச் சாந்து அதைச் செய்யும். மயிரிழை விரிசலில் குற்றாலச் சாரல் போல ஈரம் இறங்கினால், அது சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு போகும். கரியமில வாயு சேர்ந்ததும் அந்தச் சுண்ணாம்பு கல்லாகப் படிந்து விரிசலை அடைத்துவிடும். யாரும் திட்டமிட்டதல்ல, சுண்ணாம்பின் குணம் அது.

எபாக்சி போன்ற பாலிமருக்கு அந்தக் குணம் இல்லை. உள்ளே விரிசல் விட்டால் கண்ணுக்கும் தெரியாது, கையும் எட்டாது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் வைட் குழுவினர் 2001இல் இதற்கு வழி சொன்னார்கள். பிசினுக்குள் ஒரு திரவம் அடைத்த நுண்ணிய குமிழ்களையும், அந்தத் திரவத்தை இறுகவைக்கும் வினையூக்கித் துகள்களையும் கலந்தார்கள். விரிசல் ஓடும்போது குமிழ் உடையும், திரவம் கசிந்து பரவும், வினையூக்கி பட்டதும் இறுகும். இழந்த உறுதியில் 75 சதவீதம் வரை திரும்பியது. கொத்தனாரைச் சுவருக்குள்ளேயே குடிவைத்த மாதிரி!

ஆனால் ஒரு குமிழ் ஒருமுறைதான் உடையும். அதே இடம் மறுபடி விரிந்தால்? 2007இல் அதே பல்கலைக்கழகத்தில் நம் தோலுக்கடியில் ரத்தக்குழாய் ஓடுவதுபோல நுண்குழாய்களில் திரவத்தை ஓடவிட்டார்கள். ஒரே விரிசல் 7 முறை வரை ஆறியது. அடுத்த ஆண்டே பாரீசில் லூட்விக் லைப்ளர் குழு குமிழும் குழாயும் இல்லாத ரப்பரைக் காட்டியது. வெட்டிய முகங்களைச் சேர்த்து வைத்தால் சாதாரண வெப்பநிலையிலேயே ஒட்டிக்கொள்ளும்.

இந்தியாவிலிருந்தும் ஒன்று உண்டு. 2021இல் கொல்கத்தா ஐசர் நிறுவனமும் கரக்பூர் ஐஐடியும் சேர்ந்து, உடைந்த துண்டுகள் மின்னூட்டத்தால் ஒன்றையொன்று இழுத்து, கண்ணிமைக்கும் நேரத்தில் ஒட்டிக்கொள்ளும் படிகங்களை அறிவித்தன. அவை பாலிமர் அல்ல, கரிமப் படிகங்கள். அதுவும் துண்டுகள் மிக அருகில் இருந்தால்தான். பிளந்த கோபுரத்துக்கு இன்றைக்கும் சாரம் கட்டித்தான் ஏறவேண்டும்.