ஓசூர் அப்ரண்டிஸும் நாம் மறந்த 1973ஆம் ஆண்டுச் சட்டமும்

"தனியார் துறையில் இடஒதுக்கீடு கிடையாது." நம் கூட்டங்களிலேயே இதைச் சொல்கிறோம். வேலையைப் பொறுத்தவரை அது சரி. தொழிற்பழகுநர் பயிற்சியைப் பொறுத்தவரை, அதாவது அப்ரண்டிஸ் இடங்களில், 1973ஆம் ஆண்டிலிருந்தே அது சரியல்ல.

கதையைச் சற்று முன்னிருந்து பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆலைகளுக்குத் தேர்ந்த ஆட்கள் போதவில்லை. அரசே தன் செலவில் தொழில்நுட்பப் பயிற்சித் திட்டம் நடத்தியது. 1942 முதல் 1946 வரை அந்தத் தொழிலாளர் துறையின் பொறுப்பில் இருந்தவர் அம்பேத்கர். தொழில் என்பது அப்பனிடமிருந்து மகனுக்கும், மேஸ்திரியிடமிருந்து சொந்தக்காரப் பையனுக்கும் போன காலம் அது. சேரிப் பையன் லேத் மெஷினைத் தொட வேண்டுமானால் யாரோ ஒருவர் மனம் வைக்க வேண்டும். பொதுப்பணத்தில் நடக்கும் பயிற்சியில் அந்தத் தயவு தேவையில்லை. நமக்கு அதன் முக்கியத்துவம் இதுதான்.

1950இல் ஐடிஐகள் வந்தன. 1961இல் தொழிற்பழகுநர் சட்டம் வந்தது. 1973இல் அதில் 3ஏ பிரிவு சேர்க்கப்பட்டது: பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும், மாநிலத்தில் அவர்களின் மக்கள்தொகையைக் கணக்கில் கொண்டு, முதலாளி பயிற்சி இடங்களை ஒதுக்க வேண்டும். அரசு ஆலை, தனியார் ஆலை என்ற பேதம் இதில் இல்லை.

ஆனால் அதே சட்டம் வேறு இரண்டு கதவுகளைச் சாத்தியது. 18ஆவது பிரிவின்படி அப்ரண்டிஸ் தொழிலாளி அல்ல. பாதுகாப்பு, விபத்து இழப்பீடு போன்றவை தவிர, தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தாது. 22ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஒழிய, பயிற்சி முடித்தவருக்கு வேலை தர முதலாளி கடமைப்பட்டவர் அல்ல. 2014 திருத்தம் இதை மாற்றி, வேலைக்கு எடுப்பது பற்றி நிறுவனமே தன் கொள்கையை வகுத்துக்கொள்ளட்டும் என்றது. 2016இல் வந்த தேசியத் திட்டத்தில், அப்ரண்டிஸ் உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசே ஏற்றது.

இனி ஓசூருக்கு வருவோம். பின்தங்கிய தருமபுரி மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்த இந்த ஊரில், 1970களில் சிப்காட் நிலம் எடுத்தது. 1980களில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் ஆலைகள் இயங்கின. நிலமும் சலுகையும் பொதுமக்களுடையவை. இப்போது பயிற்சிச் செலவிலும் ஒரு பங்கு பொதுமக்களுடையது.

பயிற்சியைப் பற்றி இரு தரப்பையும் கேட்டுப் பாருங்கள். "பசங்க நிலைச்சு நிக்கறதில்ல, கத்துக்கிட்டு அத்திப்பள்ளி தாண்டி ஓடிடறாங்க" என்பார் மேலாளர். "ஒரு வருஷம் லைன்ல ரெகுலர் ஆளு செய்யற வேலையத்தான் செஞ்சோம், அப்புறம் சர்டிபிகேட் குடுத்து அனுப்பிட்டாங்க" என்பார் சூளகிரிப் பக்கத்துத் தம்பி. இரண்டையும் வெறும் மனப்பான்மை என்று எழுதிவிட்டுப் போனால் ஆய்வு பாதியில் நிற்கும். வேலைக்கு உறுதி தராத பயிற்சியில் யார் நிலைத்து நிற்பார்?

சாதியைப் பற்றி நேரடியாகக் கேட்டால் பதில் வராது. டெல்லியில் மனிதவள மேலாளர்களைப் பேட்டி கண்டு நியூமனும் சுரிந்தர் ஜோத்காவும் 2007இல் எழுதியது இங்கே உதவும். தகுதி மட்டுமே பார்ப்பதாகச் சொன்ன மேலாளர்கள், விண்ணப்பதாரரின் 'குடும்பப் பின்னணி'யையும் கேட்டார்கள். அதே ஆண்டில் தோரட்டும் அட்டவெலும் ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயர்களுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது. ஆகவே கருத்தை மட்டும் கேட்காதீர்கள், எண்ணிக்கையையும் கேளுங்கள்.

2006இல் தனியார் துறை இடஒதுக்கீடு பற்றிப் பேச்சு எழுந்தபோது, தொழில் அமைப்புகள் சட்டம் வேண்டாம் என்றன. பதிலாகப் பயிற்சி தருகிறோம் என்றன. அப்படியானால் அந்தப் பயிற்சியின் கணக்கைக் கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

ஆய்வேடு எழுதும் தம்பி தங்கைகள் 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு தகவல் உரிமை மனு போடலாம். கிருஷ்ணகிரி மாவட்டத் தனியார் ஆலைகளில் கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை அப்ரண்டிஸ்கள்? அவர்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர்? 3ஏ பிரிவு பின்பற்றப்படுகிறதா என்று எத்தனை ஆய்வுகள் நடந்தன?

பதில் வந்தால் அது தரவு. 'தகவல் இல்லை' என்று வந்தால் அதுவும் தரவுதான்.