துப்புரவு வேதிப்பொருள்கள்: பணியிடப் பாதுகாப்பு

துப்புரவுப் பணியில் விபத்து என்றதும் கையுறை போடாததைத்தான் முதலில் குறை சொல்வார்கள். அதைவிடப் பெரிய ஆபத்து கலப்பில் இருக்கிறது. கழிப்பறை ஆசிட்டில் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பிளீச்சிங் பவுடரில் ஹைப்போகுளோரைட்டும் உள்ளன. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்றைவிட ஏறத்தாழ 2.5 மடங்கு கனமான அந்த வாயு, சன்னலில்லாத கழிப்பறையில் தரையோடு தங்கும். குனிந்து தேய்ப்பவரின் மூக்கு இருப்பதும் அங்கேதான். கையுறை இதைத் தடுக்காது, துணி முகக்கவசமும் தடுக்காது.

பெரும்பாலும் தெரிந்தே யாரும் இவற்றைக் கலப்பதில்லை. ஆசிட்டைக் கேனிலிருந்து பழைய குளிர்பானப் பாட்டிலுக்கு மாற்றும்போது பெயரும் எச்சரிக்கைப் படக்குறியும் கேனோடு நின்றுவிடுகின்றன. ஆக, பாதுகாப்பு தொடங்க வேண்டிய இடம் பாட்டிலில் ஒட்டும் சீட்டு. அனுபவசாலிக்கு வாடையே போதும் என்பது ஒரு வாதம். ஆனால் மூக்கு அந்த நெடிக்குப் பழகிவிடும். வாயுவைச் சுவாசித்தவரின் நுரையீரலில் நீர் கோத்திருப்பது சில மணி நேரம் கழித்துத் தெரிவதும் உண்டு. செலவாகும் என்பதோ வாதமே அல்ல: ஒட்டுச்சீட்டு, மார்க்கர் பேனா, ஆசிட்டுக்கும் பவுடருக்கும் தனித்தனி அலமாரி, இவ்வளவுதான் தேவை. நெடி கிளம்பினால் வேலையை விட்டு உடனே திறந்தவெளிக்கு வந்துவிட வேண்டும். ஆசிட் கண்ணில் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.