எண்ணும் தெய்வமும்

கார்ட்டூன் என்று வழங்கும் சித்திரப்படம் சிறு பிள்ளைகளின் பொழுதுபோக்குக்கென்றே ஏற்பட்டது என்று நம்மவருள் பெரும்பாலோர் கருதி வருகின்றனர். பூனை எலியைத் துரத்துவதும் வாத்து சட்டையணிந்து பேசுவதுமே அதன் எல்லை என்பது அவர் எண்ணம். அவ்வெண்ணத்தைத் தகர்த்த படமொன்று 1988-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் ஜப்பானில் வெளிவந்தது. அதன் பெயர் ‘அகிரா’. 1982 முதல் பத்திரிகையொன்றில் தாம் தொடராக வரைந்துவந்த விஞ்ஞானக் கற்பனைக் கதையைக் கத்சுஹிரோ ஓத்தோமோ என்பவர் தாமே படமாக்கினார். குருதியும் கொடுமையும் மிகுந்த அப்படம் வயது வந்தோர்க்கே உரியது; குழந்தைகளை அருகில் வைத்துக்கொண்டு பார்க்குமாறு நாம் எவர்க்கும் கூறோம். எனினும் பினாங்குத் தமிழரும் தோட்டத் தமிழரும் அதனை அறிந்துகொள்வதற்குத் தக்க காரணம் உண்டு. அது நம் சொந்தச் சரித்திரத்திலேயே இருக்கின்றது.

ஜப்பானியரின் முதல் முழுநீளச் சித்திரப்படம் எதுவென முதற்கண் நோக்குவோம். அது 1945 ஏப்ரலில் வெளிவந்த ‘மோமோத்தாரோ: கடலின் தெய்வப் படைஞர்’ என்பதாகும். மித்சுயோ செயோ இயற்றிய அப்படத்தைச் செய்வித்தது கடற்படை இலாகா. பீச் பழத்தினின்று பிறந்த சிறுவன் மோமோத்தாரோ, ஜப்பானியரின் பழங்கதைத் தலைவன். அவன் கரடி, குரங்கு முதலிய விலங்குச் சிப்பாய்களுடன் தென்கடல் தீவொன்றில் இறங்குகிறான். அங்குள்ள விலங்குகள் ஒன்றுமறியாதவை. அவற்றிற்கு ஜப்பானிய எழுத்துகளைப் பாட்டாகக் கற்பிக்கின்றனர். முடிவில் கொம்பு முளைத்த வெள்ளைக்காரர் நடுநடுங்கிச் சரணடைகின்றனர். தென்கடல் நாட்டு மக்கள் அப்படத்தில் பெரும்பாலும் மனிதராகக்கூட இடம்பெறவில்லை. எழுத்துக் கற்கும் மிருகங்களாகவே இடம்பெற்றனர்.

படத்தில் பாட்டாக வந்தது நம் மண்ணில் எவ்வாறு வந்ததென்பதை ஜார்ஜ் டவுன் அறியும். 1941 டிசம்பர் 11-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் நகரின்மேல் குண்டு பொழிந்தன. வேடிக்கை பார்க்க வீதியில் நின்ற ஜனங்கள் திரள்திரளாக மாண்டனர். சில நாட்களுள் பிரிட்டிஷார் ஐரோப்பியரை மட்டும் கப்பலேற்றிக்கொண்டு, ஆசியாக்காரரை அவரவர் விதிக்கு விட்டு வெளியேறினர். இலங்கைத் தமிழரும் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ பத்திரிகையின் ஆசிரியருமான மா. சரவணமுத்து கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி வெள்ளைக் கொடியை ஏற்றினார். டிசம்பர் 19-ல் ஜப்பானியர் உட்புகுந்தனர். பின்னர் பள்ளிகளில் ஜப்பானிய மொழி வந்தது. தோக்கியோ இருக்கும் திசை நோக்கித் தலைவணங்கும் வழக்கமும் வந்தது. ஏனெனில் அவர்தம் சக்கரவர்த்தி மனிதரல்லர், வாழும் தெய்வம் என்று போதிக்கப்பட்டது.

நகரத்தான் தெய்வத்தை வணங்கினான். தோட்டத்தான் எண்ணாக மாறினான். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீள ரயில் பாதை 1942-லும் 1943-லும் போடப்பட்டது. இத்தனை ஆள் வேண்டும் என்று தோட்டங்களுக்கு உத்தரவு வந்தது. சில மாத வேலை என்று ஆசை காட்டியும், வலிந்து பிடித்தும் நம்மவரை வண்டியேற்றினர். காலரா, மலேரியா, பட்டினி, பிரம்படி ஆகியவற்றால் மடிந்தவர் எத்தனை ஆயிரம் என்பதில் சரித்திராசிரியர்கள் இன்றளவும் ஒன்றுபடவில்லை. காஞ்சனபுரியிலுள்ள யுத்த மயானத்தில் நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறக்குறைய 7,000 பேருக்குக் கல்லறைகள் உள்ளன. மிகப் பலவற்றில் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. அதே பாதையில் மாண்ட தமிழ்த் தொழிலாளிக்கு அவ்வாறு பெயர் பொறித்த கல் இல்லை. பெரட்டுக் களத்தில் தலை எண்ணப்பட்டவன் காட்டிலும் தலையெண்ணிக்கையாகவே முடிந்தான்.

பினாங்கிற் பிறந்த மற்றொரு இளைஞரின் கதையும் இதனோடு சேர்ந்தது. அப்துல் ரசாக் அப்துல் ஹமீது என்னும் மலாய் மாணாக்கரை ஜப்பானியர் தம் நாட்டுக்குப் படிக்க அனுப்பினர். 1945 ஆகஸ்ட் 6-ல் அணுகுண்டு விழுந்தபோது அவர் ஹிரோஷிமாவில் இருந்தார். அவர் பிழைத்தார். உடன் பயின்ற நிக் யூசுப், சையது ஒமார் என்னும் மலாயா இளைஞர் இருவரும் அக்குண்டினாலேயே இறந்தனர். அவர்தம் கல்லறைகள் ஜப்பானில் உள்ளன. அப்துல் ரசாக் தாய்நாடு திரும்பி, பிற்காலத்தில் மாரா தொழில்நுட்பக் கழகத்தில் ஜப்பானிய மொழியே கற்பித்து, 2013-ல் காலமானார். 1946 ஜனவரி முதல் நாளன்று சக்கரவர்த்தி ஹிரோஹித்தோ, தம்மைத் தெய்வமெனக் கொள்வது பொய்யான கருத்து என்று அறிக்கை விடுத்தார். அந்தப் பொய்யின் பொருட்டு மாண்டவர் எவரும் அவ்வறிக்கையைக் கேட்க எழுந்து வரவில்லை.

மோமோத்தாரோ படத்தை 1945-ல் ஒஸாக்காவில் கண்ட மாணவர் ஒஸாமு தெசுக்கா, தாமும் சித்திரப்படம் இயற்றுவதென உறுதிபூண்டார். 1963-ல் அவர் தொலைக்காட்சியில் அளித்த ‘ஆஸ்ட்ரோ பாய்’ அக்கலையை ஜப்பானில் வீடுதோறும் கொண்டு சேர்த்தது. அவ்வழியில் வந்ததே ‘அகிரா’. சுமார் 1,60,000 செல்லுலாய்டு தகடுகளில் கையால் வரைந்து வண்ணமிட்ட படம் அது. பேச்சை முதலில் பதிவு செய்து, வாயசைவை அதற்கேற்ப வரைந்தனர். இத்தனை உழைப்பும் ஒரு கேள்வியை எழுப்புவதற்கே பயன்பட்டது: பட்டாளத்தின் கையில் அகப்பட்ட மனிதன் என்னாகிறான்?

கதையில் தோக்கியோ நகரம் 1988 ஜூலை 16-ல் ஓர் ஒளிப்பிழம்பில் அழிகின்றது. உண்மையில் அமெரிக்கர் முதல் அணுகுண்டை வெடித்துச் சோதித்த நாளும் ஜூலை 16 தான், ஆண்டு 1945. கதை பின்னர் 2019-க்குத் தாவுகின்றது. விரிகுடாவில் எழுந்த புதிய தோக்கியோவில் மந்திரிகள் லஞ்சத்தில் மூழ்கியுள்ளனர்; மாணவர் தெருவில் அடிபடுகின்றனர்; நாதியற்ற இளைஞர் மோட்டார் சைக்கிளில் சுற்றித் திரிகின்றனர். அவருள் ஒருவனாகிய தெத்சுவோ என்னும் அநாதையைப் பட்டாளம் பிடித்துச் சென்று, அவன் மூளையிற் பரிசோதனை நடத்துகின்றது. அங்கே அவனுக்கு முன்னரே பிடிபட்ட குழந்தைகள் உள்ளனர். முகம் கிழடுதட்டி, உடல் குழந்தையாகவே நின்ற அவர்தம் உள்ளங்கையில் 25, 26, 27 என்று எண் குத்தப்பட்டிருக்கின்றது. அகிரா என்னும் சிறுவன் 28. நகரை அழித்தது அவன் என்பதைச் சர்க்கார் ஜனங்களிடமிருந்து மறைத்துவிட்டது.

ஜனங்களோ அகிராவை அவதாரமாக்கிவிட்டனர். அவன் மீண்டும் வருவான், பாவிகளைச் சுட்டெரிப்பான் என்று தெருவில் கூவுகின்றனர். வெறிபிடித்துத் திரியும் தெத்சுவோவையே அகிரா என்று நம்பி ஒரு கூட்டம் அவன் பின்னே சென்று மடிகின்றது. ஒலிம்பிக் மைதானத்தின் அடியில் உறைகுளிரில் பூட்டிவைத்த அறையை அவன் பிளக்கின்றான். கருவறை திறக்கின்றது. உள்ளே தெய்வமும் இல்லை, குழந்தையும் இல்லை. விஞ்ஞானிகள் அறுத்தெடுத்த உடற்கூறுகள் கண்ணாடிக் குப்பிகளில் இருக்கின்றன, அவ்வளவே. பட்டாளம் அக்குழந்தையை எண்ணாக்கிற்று. பாமரர் அதனைத் தெய்வமாக்கினர். அது பெயருள்ள ஒரு பிள்ளை என்பதை இரு சாராரும் மறந்தனர்.

ஜப்பானியர் படத்தை நாம் புகழ்தல் தகுமோ என்று சிலர் கேட்கலாம். அப்படத்தில் மலாயாவைப் பற்றியோ மரண ரயிலைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை என்பது உண்மையே. ஆயினும் 1945-ல் பட்டாளத்தைத் தெய்வப்படை என்று பாடிய கலை, 43 ஆண்டுகளில் அதே பட்டாளத்தின் பூட்டிய அறையை உடைத்துக் காட்டத் துணிந்தது. தன் நாட்டுச் சர்க்காரை நோக்கி, தன் நாட்டு மூடபக்தியை நோக்கி இவ்வாறு விரல் நீட்டுவது எளிதன்று. அத்துணிவை மதிப்பதில் நமக்கு இழிவில்லை.

நம் கடமை வேறொன்று உண்டு. சயாமுக்குப் போனவரும், போய்த் திரும்பியவரும் இன்று ஏறக்குறைய மறைந்தொழிந்தனர். அவர் வாழ்ந்த லயங்கள் பல இடிக்கப்பட்டன, தோட்டங்கள் வீட்டுமனைகளாயின. கோயில் திருவிழாவுக்குப் பெயரெழுதிப் பணம் திரட்டும் நாம், போன பாட்டனின் பெயரை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தோமா? வாசகர் ஒவ்வொருவரும் தம் வீட்டில் எஞ்சியுள்ள மூத்தவரிடம் இன்றே கேட்டு, போனவர் பெயர், தோட்டம், போன ஆண்டு, திரும்பினாரா என்னும் நான்கினை எழுதுக. அவரைத் தெய்வமாக்கிப் படையலிட வேண்டுவதில்லை. ஆயிரத்தில் ஒருவர் என்று எண்ணி விடுதலும் போதாது. எண்ணாக்கப்பட்டவனுக்குப் பெயரைத் திருப்பிக் கொடுப்பதே நாம் அவனுக்குச் செய்யக்கூடிய மரியாதை.