பொட்சுவானாவின் அரசும் வைரச் செல்வமும்

ஆபிரிக்காவின் தெற்கே, நிலத்தின் பெரும்பகுதியைக் கலகாரிப் பாலை கவிந்து கிடக்கும் நாடு பொட்சுவானா. அதற்குக் கடற்கரை இல்லை, நாற்புறமும் அயல்நாடுகளே. 1966 செப்டெம்பர் 30 ஆந் திகதி அது சுதந்திரம் எய்தியபொழுது, நாடு முழுவதிலும் தார் இட்ட வீதி ஏறக்குறைய 12 கிலோமீற்றரே இருந்தது. பெரும் வறட்சியால் மாட்டுப்பட்டிகள் அழிந்திருந்தன. ஆடவர் பலர் தென்னாபிரிக்கச் சுரங்கங்களிற் கூலிவேலை தேடிச் சென்றனர். அரசாங்கத்தின் அன்றாடச் செலவுக்கே பிரித்தானியாவின் உதவிப்பணம் வேண்டியிருந்தது. இத்தகைய நாடு பின்னர் செழித்தது வைரத்தினால் என்பர். ஆயின், வைரம் விளைந்த சியரா லியோனும் அங்கோலாவும் அவ்வைரத்தின் பொருட்டே குருதி சிந்தின. எனவே விடையை நிலத்துக்குள் மட்டும் தேடுதல் போதாது.

1885 இற் பிரித்தானியக் காப்பரசாகிய இந்நிலம் அக்காலத்திற் பெச்சுவானாலாந்து எனப்பட்டது. 1895 இல் இதனைச் செசில் றோட்ஸின் கொம்பனியிடம் ஒப்படைக்க முயற்சி நடந்தபொழுது, மூன்றாம் காமா, செபேலே, பத்தோன் என்னும் மூன்று குலத்தலைவர்கள் இலண்டன் சென்று வாதாடி அதனைத் தடுத்தனர். ஆட்சியாளரோ இந்நாட்டைப் பெரிதாக மதித்தாரல்லர். நிருவாகத் தலைநகரையே எல்லைக்கு வெளியே, தென்னாபிரிக்க மண்ணிலுள்ள மாபெக்கிங்கில் வைத்திருந்தனர் என்றால் வேறு சான்று எதற்கு?

மூன்றாம் காமாவின் பேரனே செரெட்சே காமா. பாமங்குவாட்டோ குலத்தின் தலைமைக்கு உரியவராகிய அவர் 1948 இல் இலண்டனில் றூத் வில்லியம்ஸ் என்னும் ஆங்கில மங்கையை மணந்தார். நிறவெறியைக் கொள்கையாகக் கொண்ட தென்னாபிரிக்க அரசு சினந்தது. அதன் நட்பை இழக்க விரும்பாத பிரித்தானியா அவரைத் தாய்நாட்டினின்றும் விலக்கிவைத்தது. ஆனால் அவருடைய மக்கள், ‘கொட்லா’ எனப்படும் ஊர்மன்றிற் கூடி, நெடுநாள் விவாதித்து, 1949 இலேயே அவரைத் தலைவராக ஏற்றிருந்தனர். கொட்லாவில் எளியவனும் எழுந்து பேசலாம். தலைவர் இறுதியாகவே பேசுவார். 1956 இல் தலைமையுரிமையைத் துறந்தபின்னரே செரெட்சே தாயகம் திரும்ப முடிந்தது.

பறிபோன அந்த உரிமை பின்னர் நாட்டுக்குப் பயன்பட்டது. 1965 ஆம் ஆண்டுத் தேர்தலில் அவருடைய சனநாயகக் கட்சி வென்றது. மக்கள் தெரிந்தெடுக்கும் தேசிய சபையிற் பெரும்பான்மை பெற்ற கட்சியின் தலைவரே சனாதிபதியாகும் முறை சுதந்திரத்துடன் அமைந்தது. குலத்தலைவர்களின் அவைக்கு ஆலோசனை கூறும் உரிமையே விடப்பட்டது. 1967 இற் கனிப்பொருள் உரிமை குலங்களிடமிருந்து அரசுக்கு மாற்றப்பட்டது. அதே ஆண்டில் ஓராப்பாவில் வைரம் கண்டுபிடிக்கப்பட்டது. அவ்விடம் செரெட்சேயின் சொந்தக் குலத்தின் நிலம்! அவர் குலத்தலைவராகவே நின்று, பழைய உரிமையும் நிலைத்திருந்தால், அச்செல்வத்தின் மீது பிற குலங்களுக்குப் பங்கேது?

ஓராப்பாச் சுரங்கம் 1971 இலும், அதனினும் வளமிக்க ஜ்வானெங் 1982 இலும் திறக்கப்பட்டன. டி பியேர்ஸுடன் கூட்டாக நடத்திய சுரங்கக் கொம்பனியில் தொடக்கத்தில் அரசின் பங்கு 15 சதவீதமே. பேரம்பேசி 1975 இல் அதனைச் சரிபாதியாக்கினர். அவ்வருவாய் வீதிகளாகவும் பாடசாலைகளாகவும் மருத்துவமனைகளாகவும் மாறியது. 1976 இல் வெளிவந்த நாணயத்துக்குப் ‘பூலா’, அதாவது மழை, எனப் பெயரிட்டனர். வறண்ட நாட்டுக்கு ஏற்ற பெயர்தான்.

குறைகளும் சிறியனவல்ல. வைரம் அகழும் இயந்திரத்துக்குத் தொழிலாளர் சிலரே போதும். ஆகவே வேலையின்மையும் செல்வ ஏற்றத்தாழ்வும் நீங்கவில்லை. கலகாரியின் ஆதிக்குடிகளாகிய சான் மக்களை 1997 இலும் 2002 இலும் அவர்தம் வேட்டைநிலத்தினின்றும் அரசு அகற்றியது. 2006 இல் நாட்டின் உயர்நீதிமன்றமே அது சட்டவிரோதம் என்றது.

ஆய்வுகூடத்திற் செய்யப்படும் வைரங்கள் சந்தையைப் பிடித்தபொழுது அரசின் வருவாய் சரிந்தது. 2024 ஒக்டோபர்த் தேர்தலில், 58 ஆண்டுகள் தொடர்ந்து ஆண்ட சனநாயகக் கட்சி, போட்டியிடப்பட்ட 61 ஆசனங்களில் 4 ஐ மட்டுமே பெற்றது. சனாதிபதி மசீசி, முழு முடிவும் வெளிவருமுன்னரே தோல்வியை ஏற்று, எதிர்க்கட்சித் தலைவர் டுமா போக்கோவிடம் ஆட்சியை ஒப்படைத்தார்.