இரண்டு கிராச்சுவிட்டி

மகள் குடும்பத்தோடு மயாமியிலிருந்து ஏழு இரவுக் கப்பல் பயணம் போய்வந்ததைப் பற்றி எழுதும்படி செய்திமடல் குழுவினர் கேட்டார்கள். கடல், தீவு, சாப்பாடு பற்றியெல்லாம் என் மனைவி மொட்டைமாடிக் கூட்டத்தில் படம் காட்டிச் சொல்லி முடித்துவிட்டார். எனக்கு மிஞ்சியது பில் மட்டும்தான். வங்கிக் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு அது போதும்.

பயணம் முடியும் தறுவாயில் வந்த அந்தப் பில்லில் ‘கிராச்சுவிட்டி’ என்று ஒரு வரி இருந்தது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 16 டாலர். எங்கள் இருவருக்கும் 7 நாளுக்கு 224 டாலர். ரூபாயில் பதினெட்டாயிரத்துக்கு மேல். எனக்குத் தெரிந்த கிராச்சுவிட்டி, ஓய்வு பெற்றபோது வங்கி எனக்குக் கொடுத்த பணிக்கொடை. இங்கே நான் கொடுக்க வேண்டியிருந்தது. வேண்டாம் என்றால் வரவேற்பு மேசையில் சொல்லி நீக்கிவிடலாம் என்று கூட வந்த ஒருவர் யோசனை சொன்னார். நானும் போய் வரிசையில் நின்றேன்.

நின்றுகொண்டிருந்தபோது, எங்கள் அறையைப் பார்த்துக்கொண்ட கோவா இளைஞர் சொன்னது நினைவுக்கு வந்தது. எட்டு மாத ஒப்பந்தம், வார விடுமுறை கிடையாது, வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் பெரும்பகுதி இந்த டிப்ஸ்தான். அவருடைய தாத்தாவும் கப்பலில் பரிசாரகராக இருந்தவராம். வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன். ஊர் திரும்பியதும், இந்த வழக்கம் எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன்.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், பெரிய மனிதர் வீட்டு விருந்து இலவசமல்ல. விருந்தாளி கிளம்பும்போது வேலைக்காரர்கள் வாசல்வரை வரிசையாக நிற்பார்கள். தொப்பி எடுத்துக் கொடுத்தவருக்கு, கோட்டு மாட்டிவிட்டவருக்கு, குதிரையைப் பிடித்தவருக்கு என்று கொடுத்துக்கொண்டே போக வேண்டும். அதற்கு ‘வெய்ல்ஸ்’ என்று பெயர். ஜோனாஸ் ஹான்வே என்பவர் இதைக் கண்டித்து எழுதினார். லண்டன் தெருவில் துணிந்து குடை பிடித்து நடந்த ஆண்மகன் என்றும் பெயர் பெற்றவர் அவர். ‘வெய்ல்ஸ்’ கொடுப்பதை நிறுத்தச் சிலர் முயன்றபோது, 1764-ல் லண்டன் ரானலா பூங்காவில் வேலைக்காரர்கள் கலவரமே செய்தார்கள். கொடுப்பவர் அதை இனாம் என்று எண்ணினார். வாங்குபவருடைய கணக்கில் அது சம்பளம்.

இதை ஒரு வியாபார முறையாகவே ஆக்கியது அமெரிக்க ரயில். அங்கே அடிமை முறை 1865-ல் ஒழிந்தது. 1867-ல் ஜார்ஜ் புல்மன் படுக்கை வசதி கொண்ட ரயில் பெட்டிகளுக்காக ஒரு நிறுவனம் தொடங்கினார். பெட்டிகளில் பணிவிடை செய்ய, விடுதலை பெற்ற கறுப்பினத்தவரை அமர்த்தினார். படுக்கை விரிப்பது, பெட்டி தூக்குவது, இரவெல்லாம் பூட்ஸ் துடைப்பது அவர்கள் வேலை. பயணிகள் அவர்கள் பெயரைக் கேட்டதே இல்லை. முதலாளியின் பெயரால் எல்லோரையும் ‘ஜார்ஜ்’ என்றே கூப்பிட்டார்கள். 1915-ல் அரசு அமைத்த விசாரணைக் குழுவின் முன் நிறுவனத்தின் தலைவர் வந்து சாட்சி சொன்னார். அப்போது சம்பளம் மாதம் 27.50 டாலர், மீதிக்குப் பயணிகளின் டிப்ஸ்தான். அந்தத் தலைவர் யார் தெரியுமா? அடிமைகளை விடுவித்த ஆபிரகாம் லிங்கனின் மகன் ராபர்ட் லிங்கன்.

அந்தத் தொழிலாளர்கள் 1925-ல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் அமைத்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் போராடி 1937-ல் ஒப்பந்தம் கண்டார்கள். சம்பளம் உயர்ந்தது, மாதம் சுமார் 400 மணி நேரமாக இருந்த வேலை 240 மணி நேரமானது.

கடலிலும் இதே கதைதான். டைட்டானிக் கப்பலின் பரிசாரகர்களுக்குச் சம்பளம் மாதம் 3 பவுண்டு 15 ஷில்லிங். அவர்களும் டிப்ஸை நம்பித்தான் ஏறினார்கள். 1912 ஏப்ரல் 15 அதிகாலையில் கப்பல் மூழ்கியது. அன்றைய சட்டப்படி சம்பளமும் அத்தோடு நின்றது. உயிர் பிழைத்தவர்களுக்கும் மூழ்கிய நேரம்வரைதான் கணக்கு. கப்பல் மூழ்கி வேலை இழந்தவர்களுக்கு ஊதியம் தர வேண்டும் என்ற சர்வதேச உடன்படிக்கை 1920-ல்தான் வந்தது.

1958-ல் அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஜெட் விமானங்கள் பறக்கத் தொடங்கின. பயணிகள் குறைந்த கப்பல்கள் உல்லாசப் பயணத்துக்குத் திரும்பின. இன்று இவற்றில் பல பனாமா, பஹாமாஸ் போன்ற நாடுகளில் பதிவானவை. மயாமியில் பயணிகளை ஏற்றினாலும், வேலை செய்பவருக்குப் பொதுவாகக் கப்பலின் கொடி நாட்டுச் சட்டம்தான். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006-ல் எழுதப்பட்டு 2013-ல் நடைமுறைக்கு வந்தது. அது உறுதி செய்யும் ஓய்வு, 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம். முன்பெல்லாம் கடைசி இரவில் பயணிகள் உறையில் பணம் வைத்துக் கையில் கொடுப்பார்கள். பிறகு நிறுவனங்களே அதை நாள் கணக்கில் பில்லில் ஏற்றிவிட்டன.

போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கப்பல் பில்லில் கட்டும் டிப்ஸ், கரையில் ஊர் சுற்றிக் காட்டும் வழிகாட்டிக்குப் போய்ச் சேராது. அவர் உள்ளூர் ஆள். இது தெரியாமல், கோசுமெல் தீவில் நான்கு மணி நேரம் வெயிலில் எங்களோடு அலைந்த பெண்ணுக்கு ‘தேங்க் யூ’ மட்டும் சொல்லி இறங்கிவிட்டேன். பஸ் கதவருகே அவர் ஏன் நின்றார் என்பது இரவுச் சாப்பாட்டின்போதுதான் புரிந்தது.

இப்போது நம் கிராச்சுவிட்டிக்கு வருகிறேன். நம் நாட்டிலும் ஒரு காலத்தில் அது முதலாளி மனமுவந்து கொடுக்கும் அன்பளிப்பாகத்தான் இருந்தது. 1972-ல் வந்த சட்டம் அதை உரிமையாக்கியது: ஐந்து ஆண்டு பணி முடித்தவருக்கு, ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம். ஒரே சொல்தான். இங்கே முதலாளியின் லெட்ஜரில் செலவாக ஏறியது. அங்கே பயணியின் பில்லில் ஏறியது. முப்பத்தைந்து ஆண்டு வேலைக்கு நான் வாங்கிய தொகை யாருடைய தயவும் அல்ல. கோவா இளைஞருக்கு வந்தது, வரிசையில் நின்றவர்களின் தயவு.

நம் பி பிளாக் வாசலில் இருக்கும் காவலாளி இங்கே ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறார். இதற்குள் செக்யூரிட்டி ஏஜென்சி மூன்று முறை மாறிவிட்டது. நாம் மாற்றும்போதெல்லாம் அவர் புதிய ஆளாகச் சேர்கிறார். ஐந்து ஆண்டுக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது. தீபாவளிக்கு நாம் உண்டியல் வைத்து வசூலிக்கிறோம். சென்ற ஆண்டு நான் போட்டது ஐந்நூறு ரூபாய்; அதையும் பெருமையாகத்தான் போட்டேன். வரும் பொதுக்குழுவில் புதிய ஏஜென்சி ஒப்பந்தம் விவாதத்துக்கு வருகிறது. அதில் அவருடைய பழைய சர்வீஸுக்கு ஒரு வரி சேர்க்க முடியுமா என்று கேட்கப் போகிறேன். மாதப் பராமரிப்புக் கட்டணம் சற்று ஏறலாம். ஃபிளாட்டுக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுக் கொண்டு வருகிறேன்.