எஞ்சின் பிழைக் குறியீடுகளும் பீங்கான் உறுப்புகளும்

எஞ்சின் பிழைக் குறியீடு என்பது, ஓர் உணரியின் அளவீடோ மின்சுற்றின் நிலையோ வகுக்கப்பட்ட எல்லையைக் கடக்கும்போது காரின் கட்டுப்பாட்டுக் கணினி தன் நினைவகத்தில் பதிந்துவைக்கும் ஐந்து இடக் குறிப்பு ஆகும். அமெரிக்காவில் 1996 முதல் கட்டாயமான இம்முறை, இந்தியாவில் பாரத் நிலை 4 விதிகளின் இரண்டாம் கட்டமாக 2013 ஏப்ரலில் கார்களுக்கு வந்தது. குறியீட்டின் முதலெழுத்தான ‘பி’ எஞ்சினையும் கியர் அமைப்பையும் குறிக்கும். அடுத்து வரும் சுழியம் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு என்பதையும், ஒன்று அந்தந்த நிறுவனத்துக்கே உரியது என்பதையும் காட்டும். குறியீடு கோளாற்றின் அறிகுறியைச் சொல்லுமேயன்றி, மாற்ற வேண்டிய உறுப்பைச் சொல்வதில்லை.

கடலூர் மாவட்டத்து விருத்தாசலம், பியூஸ் கேரியர், அகல்விளக்கு, கொலு பொம்மை முதலிய பீங்கான் பொருட்களுக்குப் பெயர் பெற்ற ஊர். வெப்பத்தையும் மின்னழுத்தத்தையும் ஒருசேரத் தாங்கும் பீங்கானின் இயல்பே பியூஸ் கேரியருக்கும் ஸ்பார்க் பிளக்கின் வெள்ளை உடலுக்கும் அடிப்படை. ஆயினும் முன்னது களிமண்ணாலும் பின்னது பெரும்பாலும் தூய அலுமினாவாலும் ஆனது. சொகுசு செடான்களில் அடிக்கடி தோன்றும் குறியீடுகளுள் பல, இத்தகைய பீங்கான் உறுப்புகளைச் சுற்றியே எழுகின்றன.

பி0300, பட்டறைகளில் ‘மிஸ்ஸிங்’ எனப்படும், எரிபொருள் சரிவர எரியாத நிலையைக் குறிக்கும்; கோளாறு ஒரே உருளையில் இருப்பின் கடைசி எண் அவ்வுருளையின் எண்ணாகும். டர்போ பொருத்திய எஞ்சின்களில் உருளையின் அழுத்தம் மிகுதியாதலால் பொறி பாயக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படுகிறது. கீழே விழுந்ததாலோ கோணலாக முறுக்கியதாலோ பிளக்கின் பீங்கானில் மயிரிழை விரிசல் இருந்தால், மின்சாரம் முனைக்குப் போகாமல் அவ்விரிசல் வழியே உலோக உறைக்குப் பாய்ந்துவிடும். மூன்றாம் உருளையின் பிளக்குக்கு மின்னழுத்தம் தரும் காயிலைக் கழற்றி முதல் உருளையில் மாட்டும்போது பி0303 மறைந்து பி0301 தோன்றினால் பழுது காயிலில். இடம் மாறாவிடில் பிளக், இன்ஜெக்டர், உருளையின் அமுக்கம் ஆகியவற்றை வரிசையாகச் சோதிக்க வேண்டும்.

பி0171, பி0174 ஆகியவை காற்று மிகுந்து எரிபொருள் குறைந்த கலவையைச் சுட்டும். இதைக் கண்டறிவது, யிட்ரியா சேர்த்த சிர்கோனியாப் பீங்கானால் ஆகி, ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்கு மேல் இயங்கும் ஆக்சிஜன் உணரி. சேதி கொண்டுவந்தவனையே தண்டிப்பதுபோல் இவ்வுணரியை மாற்றிவிடுவது பரவலான, செலவு மிக்க பிழை. ஆறு உருளைகளை இரு தொகுதிகளாகக் கையாளும் எஞ்சினில் இரு குறியீடுகளும் ஒருங்கே வந்தால், உள்வாங்கு குழாயின் காற்றுக்கசிவு, கிரேங்க்கேஸ் காற்றோட்ட வால்வின் கிழிந்த சவ்வு, அழுக்கேறிய காற்றளவு உணரி, வலுவிழந்த எரிபொருள் பம்பு போன்ற பொதுவான காரணத்தைத் தேட வேண்டும்.

பி0420, வினையூக்கி மாற்றியின் திறன் குறைந்ததைக் காட்டும். புகைவழியிலுள்ள இம்மாற்றியின் உட்கூடு, சூட்டில் மிகக் குறைவாகவே விரியும் கார்டியரைட் பீங்கானாலான தேனடை. அதன் நுண்துளைச் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவை பூசப்பட்டிருக்கும். மிஸ்ஸிங்கைக் கவனியாமல் ஓட்டும்போது எரியாத பெட்ரோல் இங்கு வந்து எரிய, தேனடை உருகி அடைபடுகிறது. செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னுவது இவ்வபாயத்தின் எச்சரிக்கை. ஆகவே பி0300-ம் பி0420-ம் சேர்ந்திருந்தால் முன்னதைச் சீர்செய்யாமல் புது மாற்றியைப் பொருத்துவது வீண். புகைக்குழாயின் சிறு கசிவும் இதே குறியீட்டைத் தோற்றுவிக்கக்கூடும்.

பி0325, அழுத்தத்தை மின்சாரமாக்கும் பீங்கானாலான, எஞ்சினின் தட்டொலியை உணரும் நாக் உணரியின் சுற்றைக் குறிக்கும். பி0016, டைமிங் செயின் தளர்வு போன்றவற்றால் கேம், கிரேங்க் அச்சுகளின் ஒத்திசைவு பிறழ்ந்ததைக் குறிக்கும். செங்கல்பட்டு அருகே 2007 முதல் ஒருங்கிணைக்கப்படும் பிஎம்டபிள்யூ போன்ற கார்களில் நிறுவனத்தின் தனிக் குறியீடுகளும் உண்டாதலால், பொது ஸ்கேனர் அவற்றை முழுமையாக வாசிப்பதில்லை. ஸ்கேனரால் குறியீட்டை அழித்தால், கோளாறு நேர்ந்த கணத்தின் வேகம், வெப்பநிலை, சுமை ஆகிய பதிவுகளும் உடன் அழிந்துவிடுமாதலின், அவற்றை முன்னரே குறித்துக்கொள்வது பட்டறை வழக்கம்.