தங்கவயல்: நம் ஒன்றுவிட்ட உறவினரின் ஊர்

கோலார் தங்கவயல் என்றதும் இன்றைய பிள்ளைகளுக்கு 2018இல் வெளிவந்த திரைப்படம்தான் நினைவுக்கு வரும். கர்நாடக மாநிலத்தில், பெங்களூரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவில் உள்ள அந்த ஊர் ஒரு காலத்தில் இந்தியாவின் தங்கத் தலைநகராக இருந்தது. நம் பாடசாலையின் நூற்றாண்டு மலரில் அந்த ஊருக்கு என்ன வேலை என்று தோழியர் கேட்கலாம். நம் பாட்டன் பாட்டிமார் தலைமன்னார் வழியாக மலையேறி வந்த அதே காலத்தில், அவர்களைப் போன்றே காய்ந்த மாவட்டங்களிலிருந்து புறப்பட்ட இன்னொரு கூட்டம் அங்கே மண்ணுக்குள் இறங்கியது. இரு ஊர்களின் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே இதை எழுதுகிறேன்.

அந்தப் பகுதி மக்கள் மண்ணை அரித்துப் பொன் எடுத்துவந்ததை 1802இல் ஜோன் வாரன் என்ற ஆங்கிலேய அதிகாரி நேரில் கண்டு எழுதிவைத்தார். நியூசிலாந்துப் போரில் பணியாற்றித் திரும்பிய லவெல் என்ற ஐரிஷ் படைவீரர் 1870களில் மைசூர் அரசிடம் அகழ்வுரிமை பெற்றார். அவரிடம் பணம் போதவில்லை. 1880இல் லண்டனின் ஜோன் டெய்லர் கம்பனி வந்த பிறகே சுரங்கம் சூடுபிடித்தது. (1867இல் லூல்கந்துரையில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லருக்கும் இவர்களுக்கும் பெயர் ஒற்றுமை மட்டுமே. ஆனாலும் நமக்கொரு டெய்லர், அவர்களுக்கொரு டெய்லர் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.)

1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தையே உலுக்கியது. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பக்கத்தவர் பெருமளவில் இலங்கைக்கு வந்தார்கள். தங்கவயலுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டுத் தமிழர். அவர்களிலும் ஒடுக்கப்பட்ட சாதியினரே அதிகம். சுரங்கம் உச்சத்தில் இருந்தபோது சுமார் 30 ஆயிரம் பேர் வேலை செய்தார்கள். நாம் லயம் என்று சொல்வதை அவர்கள் லைன் என்கிறார்கள். அங்கே கூரையும் மூங்கில் தட்டியுமாக இருந்தது, இங்கே தகரம். துரைமாருக்கு அங்கேயும் பங்களா, கிளப், கோல்ப் மைதானம் எல்லாம் இருந்தன. நுவரெலியாவைப் போலவே தங்கவயலுக்கும் ‘சின்ன இங்கிலாந்து’ என்றுதான் பெயர்.

1902இலேயே சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்துவிட்டது. இந்தியாவின் பெருநகரங்கள் பலவற்றுக்கு அப்போது மின்சாரம் கிடையாது. இதைப் படித்தபோது எனக்கு லக்சபானதான் ஞாபகம் வந்தது. 1950 முதல் நம் மலைத் தண்ணீர் கொழும்புக்கு வெளிச்சம் கொடுத்தது. நம் லயங்களில் எத்தனையோ ஆண்டுகள் குப்பி விளக்குத்தான் எரிந்தது.

சம்பியன் ரீஃப் சுரங்கம் 3,200 மீற்றர் வரை கீழே போகிறது. பீதுருதாலகால மலையின் உயரமே 2,524 மீற்றர்தான். அந்த மலையைத் தலைகீழாக உள்ளே இறக்கினாலும் அடியில் இடம் மிச்சமிருக்கும். அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசுக்கும் மேல். அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறி இறந்தவர்கள் பலர். அதே ஆழத்தை அறிவியலும் பயன்படுத்திக்கொண்டது. 1965இல் இந்திய, ஜப்பானிய, பிரித்தானிய ஆய்வாளர்கள் அங்கே வளிமண்டல நியூட்ரினோக்களைக் கண்டறிந்தார்கள்.

வைத்தியர் என்பதால் என் கவனம் தூசியில்தான் நின்றது. தங்கம் படிகக்கல்லின் நடுவே இருக்கிறது. கல்லைத் துளைத்தால் சிலிக்காத் தூசி பறக்கும். அது நுரையீரலின் ஆழத்தில் தங்கி, அதைத் துப்புரவாக்கும் உயிரணுக்களையே கொன்று, தழும்பாக இறுகிவிடும். பிறகு காசநோய் எளிதில் பற்றிக்கொள்ளும். போன தூசியை வெளியே எடுக்க இன்றுவரை மருந்தில்லை. 1940களில் 7 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு 40 பேருக்கும் மேல் சிலிக்கோசிஸ் இருந்தது. 120 ஆண்டுகளில் வெளியே வந்த தங்கம் ஏறத்தாழ 800 தொன் என்பார்கள். அந்தக் கணக்கை எழுதும் எவரும் இந்த எண்ணையும் பக்கத்தில் எழுதவேண்டும் என்பது என் கருத்து.

அவர்கள் வாய்மூடி இருந்தவர்களும் அல்லர். நம்மவர் ஒரு தோட்டத்தைவிட்டு இன்னொன்றுக்குப் போக 1921 வரை துண்டு தேவைப்பட்டது. தங்கவயலில் 1930இல் கைரேகை எடுத்துப் பதிவுசெய்ய முயன்றபோது தொழிலாளர் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1898இல் கொழும்பு வந்து பௌத்தம் தழுவிய அயோத்திதாசருக்கு அங்கே பெரும் ஆதரவு இருந்தது. அவர் நடத்திய ‘தமிழன்’ இதழ், அவர் மறைந்தபின் 1920களில் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. சுரங்கக் கூலிகளின் ஊரில் அச்சகமும் வாசகரும் இருந்தார்கள் என்பதை நாம் அறிந்துவைத்திருப்பது நல்லது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சிக்காக வேலூர் போனபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே சென்றுவந்தேன். காட்பாடியில் ஏறி, பங்காருப்பேட்டையில் வண்டி மாறினால் உரிகம், சம்பியன் என்று சின்னச் சின்ன நிலையங்கள் வரும். மாரிக்குப்பத்தில் பாதை முடிகிறது. போகிறவர்கள் ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவையும், பக்கத்தில் கம்மசந்திரத்தில் ஆயிரக்கணக்கான லிங்கங்கள் உள்ள கோடிலிங்கேஸ்வரர் கோயிலையும் பார்க்கலாம். கோலார் நகரின் கோலாரம்மன் கோயிலில் சோழர் கல்வெட்டுகள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்ணில் படுவது சயனைட் மேடுகள். பொன்னைப் பிரித்தபின் கொட்டிய கழிவு அது. மஞ்சளும் சாம்பலுமாய்க் குன்றுகளாக நிற்கிறது. சினிமாக்காரர்கள் பாட்டெடுக்க வருவார்களாம். காற்றடித்தால் அந்தத் தூள் வீடுகளுக்குள் வந்து படிகிறது.

லைன் வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா என் பேச்சைக் கேட்டுவிட்டு, “சிலோனாம்மா நீ? எங்க தாத்தாவோட அண்ணன் அந்தப் பக்கந்தான் போனாராம். அப்புறம் ஒரு காயிதமும் வரலையாம்” என்றார். எந்தத் தோட்டம் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. டீ குடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்.

பொன்னின் அளவு குறைந்து, செலவு கூடி, 2001 பெப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. நீரிறைப்பது நின்றதும் சுரங்கங்களில் தண்ணீர் நிரம்பியது. கம்பனியின் வைத்தியசாலையும் வேலையும் போயின. வீடு மட்டும் காலடியில் இருந்தது. அதுவும் கம்பனியின் வீடு. மூன்று, நான்கு தலைமுறையாகக் குடியிருந்த வீட்டுக்கு உரித்துக் கேட்டு அம்மக்கள் ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். ஏழு பேர்ச் காணிக்காக இன்னும் காத்திருக்கும் நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

இப்போது விடிவதற்கு முன்பே மாரிக்குப்பத்தில் பெங்களூர் ரயில் நிரம்பிவிடுகிறது. சுரங்கத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் சோற்றுப் பெட்டியுடன் ஏறி, நின்றுகொண்டே போய், இரவு திரும்புகிறார்கள்.